பதினொரு வீட்டுக்குப் பன்னிரண்டு சுவர்

சாயக்கிடங்குத் தெருவில் பதினொரு வீடுகளும் பன்னிரண்டு சுவர்களும் இருந்த காலத்தில், ஆறாம் எண் வீட்டில் சவரியம்மாள் என்கிற தையல்காரி, இஞ்ஞாசி என்கிற தன் புருஷனோடு குடியிருந்தாள். கடற்கரையிலிருந்து அவுரிச் சாயம் ஏற்றிப்போன கும்பினிக்காரர்கள் தங்களுடைய குமாஸ்தாக்களுக்காகக் கட்டிவிட்டுப்போன வரிசை அது. ஒரே நீளக் கூரை, ஒரே சுண்ணாம்புப் பூச்சு, ஒரே அச்சில் எழுப்பிய பதினொரு வளைவு வாசல்கள், ஒவ்வொரு வாசலுக்கும் மேலே ஓர் உயரமான ஜன்னல், ஜன்னலுக்கு மேலே காரையில் செய்த ஒரு சங்கு. வீட்டுக்கு வீடு தனிச்சுவர் கிடையாது. ஒருவருடைய வலப்பக்கச் சுவர்தான் அடுத்தவருக்கு இடப்பக்கச் சுவர், ஒரு வீட்டில் ஆணி அடித்தால் அடுத்த வீட்டில் மாதா படம் ஆடும், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்கும். பதினொரு அடி அகலம், அறுபது அடி நீளம், நடுவில் மாடிக்கு ஒரு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு இரண்டே அடி அகலம், மொத்தம் பதினேழு படிகள், ஒன்பதாவது படியில் சட்டென்று ஒரு திருப்பம். கும்பினிக் குமாஸ்தாக்கள் எல்லாரும் ஒல்லியானவர்கள் போலும்.

இஞ்ஞாசி ஒல்லியானவன் இல்லை. விசைப்படகு இன்ஜின்களை ஒற்றை ஆளாக இறக்கி ஏற்றுகிற மெக்கானிக், நூற்றுப் பத்து கிலோ, தினமும் அந்தத் திருப்பத்தில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சுப் பிடித்துத்தான் மாடிக்குப் போவான். ஒரு மே மாதக் காலையில் மாடிக் கட்டிலிலிருந்து எழுந்தவனுக்கு வலக்கையும் வலக்காலும் வரவில்லை, வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், வாரம் இரண்டு முறை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கைகால் பயிற்சி கொடுத்தால் ஆள் எழுந்து நடந்துவிடுவான் என்றார். நான்கு பேர் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்பதாவது படியில் இஞ்ஞாசி மாட்டிக்கொண்டான். முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் அரைமணி நேரம் அப்படியே இருந்து, பிறகு அவனை மறுபடியும் மாடிக்கே ஏற்றிவிட்டார்கள். படிக்கட்டின் ஓரச்சுவரை ஓர் அடி இடித்துக் கட்டினால் போதும், மூன்று நாள் வேலை என்றார் கொத்தனார்.

ஆனால் சாயக்கிடங்குத் தெரு வரிசை பாதுகாக்கப்பட்ட கட்டடம். அங்கே ஜன்னல் கொண்டியை மாற்றுவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும். மனு போவதும் பதில் வருவதும் வரிசைப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் வழியாகத்தான். செயலாளர், ஏழாம் எண் வீட்டு ஞானாதிக்கம். அரசாங்க ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வரிசையின் விதிகள் எழுபத்திரண்டில் நாற்பதை அவரே எழுதியிருந்தார்.

சவரியம்மாள் மனுவைக் கொடுத்தாள். ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டாள்.

"மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன். பதில் வரலை" என்பார் ஞானாதிக்கம்.

"அவரு நாளுக்கு நாள் சுருங்கிட்டு வர்றாரு சார். பேச்சும் கொறஞ்சிட்டு."

"நான் என்னம்மா செய்ய? உங்க வீட்டுக்காரருக்காக முந்நூறு வருஷத்துச் சுவரை நான் இடிக்கச் சொல்ல முடியுமா? பதில் வரட்டும்."

மே போய், ஜூன் போய், ஜூலை பதினான்காம் தேதி காலையில் இஞ்ஞாசிக்குச் சோறு தொண்டையில் அடைத்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து, ஸ்ட்ரெச்சர் ஏறாமல் போர்வையில் அவனைக் கட்டித் தூக்கி, எட்டு படி இறங்கினார்கள். ஒன்பதாவது படியில், ஒரு தோள் சுவரிலும் மறு தோள் கைப்பிடியிலும் நெருக்க, கீழ்ப்படியிலிருந்து தன் பாதங்களைத் தாங்கிக்கொண்டிருந்த சவரியம்மாளைப் பார்த்தபடியே அவன் செத்துப்போனான். உயிரோடு இறங்காதவன் செத்தும் இறங்கவில்லை. கடைசியில் மாடி ஜன்னல் வழியாகத்தான், மீன்பிடிக் கயிற்றில் கட்டி, தெருவே அண்ணாந்து நிற்க, அவனை இறக்கினார்கள். ஞானாதிக்கமும் கீழே நின்றார். கயிறு பிடித்தவர்களிடம் அவர் சொன்னது தெருவில் எல்லாருக்கும் கேட்டது.

"காரை உரசாமப் பாத்து எறக்குங்கப்பா. இருபதாம் தேதி பார்வையிட ஆள் வருது."

முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சவரியம்மாள், முக்காட்டைக்கூட எடுக்காமல், தனக்கும் ஏழாம் எண் வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரில் உள்ளங்கையை வைத்து, "உனக்கும் நெருங்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். மெழுகுவத்தி ஏற்றவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்ற பள்ளிக்கூடச் சீருடைகளை வெட்ட உட்கார்ந்தாள்.

மறுநாள் மாதா கோவிலில் பகல் பன்னிரண்டு மணி அடித்தபோது, மணி ஓயும் முன்பாக, அந்தச் சுவர் ஏழாம் எண் வீட்டுப் பக்கமாக ஓர் அங்குலம் நகர்ந்தது. அதற்கு அடுத்த நாளும் ஓர் அங்குலம். துணி வெட்டும் மேசைக்கும் சுவருக்கும் நடுவே பட்டையாகத் தரை தெரிவதைக் கண்டு சவரியம்மாள் இஞ்ச் டேப்பை வைத்து அளந்தாள், மறுநாளும் அளந்தாள், பிறகு கொல்லைப்பக்கம் போய் எட்டாம் எண் வீட்டு ராபியாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"எங்க பக்கமும்தான் சவரிக்கா" என்றாள் ராபியா, துணியைப் பிழிந்தபடி. "மூணு நாளா பாய் விரிச்சா ஓரத்துல மிச்சம் விழுது. எங்க வீட்டு இவுஹ, பாய்தான் சுருங்கிட்டுன்னு சொல்றாஹ. பாய் எங்கேயாவது சுருங்குமா?"

இப்படியாக ஆறாம் எண் வீடும் எட்டாம் எண் வீடும் நாளுக்கு ஓர் அங்குலம் அகன்றன, நடுவிலிருந்த ஏழாம் எண் வீடு நாளுக்கு இரண்டு அங்குலம் ஒடுங்கியது. ஒரு விரிசல் விழவில்லை, ஒரு பொட்டுக் காரை உதிரவில்லை. தேக்கு உத்திரங்கள் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் குறைந்தன. தெருவிலிருந்து பார்த்தால் ஏழாம் எண் வளைவு வாசல் முதலில் முட்டை வடிவமானது, பிறகு மெழுகுவத்திச் சுடர் போலானது, மேலே இருந்த காரைச் சங்கு வலம்புரி வடிவை இழந்து வெண்டைக்காய் போல நீண்டது. சவரியம்மாள் வீட்டு வாசலோ ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலாக வாய் விரித்துக்கொண்டிருந்தது.

தெருக்காரர்கள் இதைப் புதுசாக வந்த பஸ் நேரத்தைப் பழகிக்கொள்வது போலப் பழகிக்கொண்டார்கள். பன்னிரண்டு மணி ஆனால் ஏழாம் எண் வீட்டின் பக்கம் யாரும் சுவரில் சாய்ந்து நிற்பதில்லை. பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் ஸ்கேலோடு வந்து நின்று அளந்துவிட்டுச் சாப்பிடப் போவார். பாடற்குழுவினர், கோவில் மண்டபம் புழுங்குகிறது என்று, சவரியம்மாள் வீட்டுக் கூடத்துக்குப் பாட்டுப் பழக வந்தார்கள். இரண்டு நிச்சயதார்த்தங்களும் ஒரு காதுகுத்தும் அங்கேயே நடந்தன. ராபியாவின் புருஷன் செய்யது மீரான், புதுசாகக் கிடைத்த இடத்தில் ஒரு பெரிய மீன்தொட்டி வாங்கி வைத்து, தினமும் மதியத்துக்குப் பிறகு அதை ஓர் அங்குலம் தள்ளிவைத்தான். சுவர் ஏன் நடக்கிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கருப்பட்டியும் முட்டை வெள்ளையும் கடுக்காய்ச் சாறும் கலந்து அரைத்த காரைக்கு ஞாபகம் உண்டு என்றார் கொத்தனார். கடல் கூப்பிடுகிறது என்றார்கள் சிலர். நாலைந்து நாளில் காரணம் பேசுவது அலுத்துப்போய், அடுத்து எது தாண்டும் என்று பேச ஆரம்பித்தார்கள்.

ஏனென்றால் பொருட்கள் தாண்டின. சுவர் ஒரு பொருளைத் தொட்டால், மறுநாள் மணி ஓயும்போது அந்தப் பொருள் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும். பொருள் அசைவதில்லை, சுவர்தான் அதைத் தண்ணீர் கல்லைத் தாண்டுவது போலத் தாண்டிப்போகும். முதலில் ஆணியோடு ஒரு காலண்டர், பிறகு ஒரு குடை, பிறகு ஞானாதிக்கத்தின் செருப்பு வைக்கும் பலகை. சவரியம்மாள் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. தாண்டி வந்த திரைச்சீலையைக்கூடத் துவைத்து, தேய்த்து, மடித்து, ஞானாதிக்கத்தின் மனைவி பிலோமினாளிடம் கொடுத்து அனுப்பினாள். பிலோமினாள் கனத்த உடம்புக்காரி, முழங்கால் வலிக்காரி, அதிகம் பேசமாட்டாள். வாங்கிக்கொள்ளும்போது சவரியம்மாளின் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

செயலாளர் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினார், நினைவூட்டல் எழுதினார், நினைவூட்டலுக்கு நினைவூட்டல் எழுதினார். மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார், கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர், பொறுமையாக மூன்று வீட்டையும் அளந்தார், பன்னிரண்டு மணிக்குச் சுவரில் கை வைத்து அது நகர்வதைத் தானே உணர்ந்தார்.

"சார், இடிச்சா என்ன தண்டனைன்னு விதி இருக்கு. கட்டினா என்னன்னு இருக்கு. வெள்ளையைத் தவிர வேற பெயின்ட் அடிச்சா என்னன்னுகூட நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார் ஞானாதிக்கத்திடம். "சுவர் நடந்தா என்னன்னு எங்கேயும் இல்லையே."

"அப்ப நான் எப்படி சார் இருக்கிறது?"

"உள்பக்கம் இரும்பு முட்டுக் கொடுத்துப் பாக்கலாம். நின்னாலும் நிக்கும். ஆனா ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் சம்மதக் கையெழுத்துப் போடணும். பொதுச்சுவர் இல்லையா? முப்பத்தெட்டாம் விதி."

முப்பத்தெட்டாம் விதி ஞானாதிக்கம் எழுதியது.

செய்யது மீரான் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான், மீன்தொட்டியை இனித் தள்ள வேண்டாமே என்று. சவரியம்மாளிடம் தாளை எடுத்துக்கொண்டு போக ஞானாதிக்கத்துக்கு ஒரு வாரம் கூச்சமாக இருந்தது. அந்த ஒரு வாரத்துக்குள் அவருடைய பீரோ தாண்டிவிட்டது.

அது பச்சை பெயின்ட் அடித்த இரும்பு பீரோ, வரிசையின் கோப்புகள் எல்லாம் அதற்குள்தான். மணி ஓய்ந்தபோது அது சவரியம்மாளின் கூடத்தில், அவள் தைத்துத் தொங்கவிட்டிருந்த சின்னச் சின்ன நீலப் பாவாடைகளுக்குப் பக்கத்தில் நின்றது. சாவி அதிலேயே இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள், தூக்க நாலு ஆள் கூப்பிடலாம் என்று வாசல்வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து பீரோவைத் திறந்தாள். வீட்டு எண்படி கோப்புகள் வரிசையாக இருந்தன. ஆறாம் எண்ணை எடுத்தாள். அவளுடைய மனு மேலே இருந்தது, கோணல்மாணலான அவளுடைய கையெழுத்தோடு. அதற்குக் கீழே, முத்திரை குத்திய ஒரு கடிதம். மனிதாபிமான அடிப்படையில், நோயாளியின் நலன் கருதி, படிக்கட்டின் ஓரச்சுவரை ஓர் அடி அகற்றிக் கட்ட அனுமதி அளிக்கப்படுகிறது, வேலையை உடனே தொடங்கலாம். கடிதம் வந்து சேர்ந்த தேதி, ஜூலை மூன்று. ஓரத்தில் பென்சிலால் ஞானாதிக்கத்தின் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'பார்வையீடு முடியட்டும். வாசலில் இடிமண் கூடாது. 21ஆம் தேதி கொடுக்கலாம்.'

ஜூலை மூன்றிலிருந்து பதினான்கு வரைக்கும் எத்தனை நாள் என்று சவரியம்மாள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். அதில் கொத்தனாருக்கு மூன்று நாள் போக எட்டு நாள் மிச்சம் இருந்தது. பிறகு தையல் மிஷினில் போய் உட்கார்ந்து காலால் மிதிக்க ஆரம்பித்தாள், வெளிச்சம் போகும்வரை மிதித்தாள், மிஷினில் நூல் கோக்கவே இல்லை என்பதை விளக்குப் போட்ட பிறகுதான் பார்த்தாள். துணி முழுக்கத் துளைகள் மட்டும் வரிசை வரிசையாக இருந்தன.

அடுத்த நாள் ஞானாதிக்கம் வந்தார். அப்போது அவருடைய வீடு ஆறு அடி அகலம்.

"பீரோ இங்கதான் இருக்கும்போல" என்றார், உள்ளே பார்க்காமல்.

"இருக்கு."

"திறந்தியளா?"

"நான் ஏன் சார் திறக்கப்போறேன்?"

அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பி வந்ததை அவள் பார்த்தாள். தாளை நீட்டினார். "சவரியம்மா, ஒரு கையெழுத்து. முட்டு கொடுக்கணும். பிலோமினாளுக்கு அடுப்படிக்குள்ள திரும்ப முடியலை."

"வச்சிட்டுப் போங்க. படிச்சுப் பாத்துத் தர்றேன்."

அவர் போனதும் அவள் தாளைப் படித்தாள், தேதி எழுதி, கையெழுத்துப் போட்டாள், நாலாக மடித்துத் தையல் மிஷினின் இழுப்பறையில், பாபின் டப்பாவுக்குக் கீழே, முந்தின நாள் பீரோவிலிருந்து எடுத்த கடிதத்தோடு வைத்துப் பூட்டினாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான், கொடுக்கத்தான் இல்லை என்பதில் அவளுக்கு ஒரு சுத்தம் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் கேட்டபோது, மேசையில் துணியை விரித்துச் சாக்கட்டியால் கோடு போட்டபடியே சொன்னாள்.

"மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன் சார். பதில் வரலை."

அவள் பீரோவைத் திறந்துவிட்டாள் என்பது ஞானாதிக்கத்துக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு முறை வந்து கேட்டார், ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே குரலில் வாங்கிக்கொண்டு போனார். சவரியம்மாளுக்கு அந்த நாட்களில் நல்ல பசி எடுத்தது. இஞ்ஞாசி போன பிறகு முதல் தடவையாக மீன் வாங்கிப் புளிக்குழம்பு வைத்தாள், இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

கோவில் சாமியார் வந்து பேசிப் பார்த்தார். அகன்றுகொண்டே போன அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "மன்னிக்கணும்மா" என்றார்.

"மன்னிக்கக் கூடாதுன்னு இல்லை சாமி. எழுதிப் போட்டிருக்கேன். அனுமதி வரட்டும்."

சாமியார் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவரும்தான் அன்றைக்கு ஜன்னலுக்குக் கீழே நின்று, கயிற்றில் ஆடியாடி இறங்கிய உடம்புக்குச் சிலுவை போட்டவர்.

வீடு நாலடியானபோது ஞானாதிக்கம் பக்கவாட்டாக நடக்கப் பழகினார். வீட்டை விட்டுப் போய்விடலாமே என்று மீரான் சொன்னதற்கு, முப்பது நாள் வீட்டைப் பூட்டிப்போட்டால் அது அரசாங்கத்தைச் சேர்ந்துவிடும், அறுபத்தொன்றாம் விதி என்றார். வேறு யாருக்காகவோ எழுதிய விதி அது. அந்தச் சமயத்தில்தான் பிலோமினாள் காய்ச்சலாகப் படுத்திருந்தாள். கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மணி அடித்து ஓய்ந்தபோது, அவள் கட்டிலோடும் போர்வையோடும் மாத்திரை டப்பாவோடும் சவரியம்மாளின் கூடத்தில் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து தலைக்கு மேலே சுழன்ற வேறு மின்விசிறியைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை. சவரியம்மாள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். அந்தப் பக்கமிருந்து ஞானாதிக்கம் சுவரைத் தட்டி, "பிலோமி, பிலோமி" என்று கூப்பிட்டார். ஓடிப்போய்ச் சுவரில் கன்னத்தை வைத்தும் அவரை மட்டும் சுவர் தாண்டவில்லை. அவரைத் தள்ளியது.

காய்ச்சல் விட்ட அன்று பிலோமினாள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சவரியம்மாளின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த லெட்டரை தபால்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினது நான்தான்."

மிஷின் நின்றது.

"படிச்சும் பாத்தேன். குடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். பார்வையிட வர்றவங்க போகட்டும்னாரு. சரின்னு இருந்திட்டேன். உங்க வீட்டுல அவரு இருமுறது ராத்திரி பகலா சுவர்ல கேட்டுச்சு. கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

சவரியம்மாள் திரும்பவில்லை. ஊசிக்கு அடியில் துணி அப்படியே இருந்தது. வெளியே போ என்று சொல்லலாம். போவதற்கு மூன்றரை அடி அகலத்தில் ஒரு வீடு இருந்தது, அதற்குள் பிலோமினாள் நுழைந்தால் மறுபடியும் வெளியே வரமுடியாது. அதையும் யோசித்துப் பார்த்தாள். யோசிக்க அவளுக்குப் பிடித்திருந்தது.

"பொத்தான் தைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் கடைசியில்.

"தெரியும்."

"இங்கேயே இரு. பள்ளிக்கூடத்து ஆர்டர் நிறைய இருக்கு. ஆனா படுக்கை மாடியில. அவரு கட்டில்ல."

அன்றிலிருந்து கனத்த உடம்பும் வீங்கிய முழங்காலுமாகப் பிலோமினாள் அந்தப் பதினேழு படிகளைக் காலையில் இறங்கினாள், மாலையில் ஏறினாள். வீடு எவ்வளவு அகன்றும் படிக்கட்டு மட்டும் அந்த இரண்டடியிலேயே நின்றது. ஒன்பதாவது படியில் அவள் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்குவாள், ஒவ்வொரு முறையும் சவரியம்மாள் கீழே கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள், மூச்சு சீராகி மறுபடி காலடி கேட்கும்வரை வேலையைத் தொடமாட்டாள். இருவரும் ஒருவரையொருவர் நீ, நான் என்று பேசிக்கொண்டார்கள், ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள், அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

ஞானாதிக்கம் ஒரு நாற்காலியைத் தெருவைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், நாற்காலி தாண்டிய பிறகு நின்றார், இரண்டடியில் பக்கவாட்டாக நின்றார், ஒன்றரை அடியில் தலையையும் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நின்றார். ராபியா வாசல் வழியாகத் தட்டை ஓலைப்பெட்டியில் சாப்பாடு கொடுத்தாள், உருண்டையான எதுவும் உள்ளே போகாது என்பதால் தோசையும் அப்பளமும் கருவாடும்தான். அக்டோபர் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, இரண்டு சுவரும் அவருடைய நெஞ்சையும் முதுகையும் ஒரே சமயத்தில் தொட்டன. தெரு முழுக்க வந்து நின்றிருந்தது, கணக்கு வாத்தியார் ஸ்கேலைக் கொண்டுவந்திருந்தார். மணி ஓயும்போது, தையல் பிரித்த துணியிலிருந்து நூல் நழுவுவது போல, ஞானாதிக்கம் வாசல் வழியாகத் தெருவில் நழுவி விழுந்தார், கையில் விதிப்புத்தகம் மட்டும். அவருக்குப் பின்னால் இரண்டு வாசற்கற்களும் ஒன்றோடொன்று பொருந்தின. காரைச் சங்கு ஒரு கோடானது, பிறகு கோடும் இல்லை. செய்யது மீரான் அவரைத் தூக்கி உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு எழுந்த ஞானாதிக்கம் பக்கவாட்டாகவே நடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போனார். எவ்வளவு அகலமான தெருவிலும் அதன் பிறகு அவருக்கு அப்படித்தான் நடக்க வந்தது.

பத்து நாள் கழித்து, கண்ணாடி போட்ட அந்த அதிகாரி ஒரு பெரிய பதிவேட்டோடு வந்தார். பதிவேட்டில் பதினொரு வீடு, தெருவில் பத்து வீடு. ஒரு வீடு காணாமல் போனது என்று எழுதினால் பாதுகாக்கத் தவறியது யார் என்ற கேள்வி வரும், அவருடைய வேலைக்கே ஆபத்து. ஆதியிலிருந்தே பத்துதான், யாரோ தப்பாக எண்ணிவிட்டார்கள் என்று எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அப்படி எழுதினால் ஏழாம் எண் வீட்டுக்காரர் என்று ஒருவர் இருந்ததும் இல்லை, அவருக்கு மாற்று வீடும் இல்லை, செயலாளர் என்று கையெழுத்துப் போட்ட இருபது வருஷமும் இல்லை. எதை எழுதுவது என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எழுதிக் கையெழுத்துப் போட்ட சாட்சி வேண்டும்.

ஞானாதிக்கமும் வந்திருந்தார். சவரியம்மாளின் பெரிய கூடத்தில், தெருக்காரர்கள் எல்லாரும் தாராளமாக நிற்க இடமிருந்தும், சுவரோரமாகத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

அதிகாரி முதலில் செய்யது மீரானைக் கேட்டார். மீரான் மீன்தொட்டியை நினைத்தானோ என்னவோ, தரையைப் பார்த்தபடி, "எனக்குத் தெரிஞ்சு பத்துதான் சார்" என்றான். ராபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து, பொத்தான் டப்பாவோடு கீழே உட்கார்ந்திருந்த பிலோமினாளைப் பார்த்து, "நீங்க இவரோட மனைவிதானேம்மா?" என்று கேட்டார்.

பிலோமினாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் இவுங்க வீட்டுல பொத்தான் தைக்கிறவ" என்றாள்.

ஞானாதிக்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. அந்த மனிதர் அழுது அந்தத் தெரு பார்த்ததில்லை.

"சவரியம்மா" என்றார். "ஒரே ஒரு வார்த்தை. நான் இங்க இருந்தேன்னு. நான் செஞ்சதையும் சேத்தே சொல்லு. லெட்டரை வச்சிருந்தேன்னு சொல்லு. ஆனா இருந்தேன்னு சொல்லு."

சவரியம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் சொல்வது அவளுக்கு விளங்கியது. அவர் இருந்தார் என்று எழுதினால்தான் அவர் செய்ததும் எழுத்தில் நிற்கும், இஞ்ஞாசிக்கு ஒரு நியாயம் என்று ஒரு தாளாவது இருக்கும். அந்தக் கடிதம் அவளுடைய இழுப்பறையில்தான் இருந்தது, எடுத்து மேசையில் போட்டால் போதும். அவர் எதிரில் நின்று தலைகுனிந்து கேட்கிறார், தெருவே பார்க்கிறது, அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருக்கிறார். ஒரு கணம் அவளுடைய கை இழுப்பறைச் சாவியைத் தொட்டது.

"ஏழாம் எண் வீட்டுல இவரு குடியிருந்தாரா?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்கு அப்படி ஒரு வீடே தெரியாது சார்" என்றாள் சவரியம்மாள். "இவரையும் தெரியாது."

சொல்லிவிட்டு, வாயில் ஏதாவது கசக்கிறதா என்று பார்த்தாள். கசக்கவில்லை. அதிகாரி தாளை எழுதி நீட்டினார். அவள் நின்றபடியே, மேசையில்கூட வைக்காமல், உள்ளங்கையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்குள் அவரிடம் கொடுத்துவிட்டாள்.